ஐந்து மனிதர், ஐந்து எந்திரம்

கிரிக்கெட் அணியை அறிவிக்கும் நாளில் டீக்கடையில் நடக்கும் பஞ்சாயத்து உங்களுக்குத் தெரிந்ததுதான். யாரை எடுத்தார்கள் என்பதைவிட யாரை விட்டார்கள் என்பதில்தான் சூடு அதிகம். "எல்லாரையும் ஒரு போட்டியில் இறக்கிவிட்டு, ஜெயிக்கிறவனை அனுப்ப வேண்டியதுதானே" என்று யாராவது ஒருவர் கட்டாயம் சொல்வார். கிரிக்கெட்டில் அது முடியாது. பலகை ஆட்டத்தில் முடியும். இரண்டு பேரை எதிரெதிரே உட்கார வைத்தால் மாலைக்குள் யார் கை ஓங்கியது என்று தெரிந்துவிடும்.

அப்படி இருந்தும், ஜப்பானியர்கள் தங்கள் ஷோகி ஆட்டத்தில் கம்ப்யூட்டரோடு மோத ஒரு மனித அணியை அனுப்ப வேண்டி வந்தபோது, இந்த எளிய வழிக்கு வந்துசேரப் பல ஆண்டுகள் ஆயின. எதிரணியான எந்திரங்களோ முதல் நாளிலிருந்தே போட்டி வைத்துத்தான் தங்கள் ஆட்களைத் தேர்ந்தெடுத்தன. எனக்கு இந்தக் கதையில் பிடித்த இடம் அதுதான். மனிதன் தோற்றான், எந்திரம் ஜெயித்தது என்பதை எல்லோரும் எழுதிவிட்டார்கள். யாரை அனுப்பினார்கள், ஏன் அவரை அனுப்பினார்கள் என்பதை நான் எழுதுகிறேன்.

ஷோகி தெரியாதவர்களுக்காக இரண்டு வரி. நம் சதுரங்கத்தின் தூரத்துச் சொந்தம் அது. 9க்கு 9 என்று 81 கட்டம், ஆளுக்கு 20 காய். ராஜாவைப் பிடிப்பதே குறி. பெரிய வித்தியாசம் ஒன்று உண்டு. நாம் வெட்டிய காய் பெட்டிக்குள் போவதில்லை. நம் கைக்கு வந்து நம் ஆளாகிவிடும். வேண்டும்போது அதைப் பலகையில் ஒரு காலிக் கட்டத்தில் இறக்கி விளையாடலாம். அதனால் சதுரங்கம் போல ஆட்டம் போகப் போகக் காய்கள் குறைந்து எளிதாவதில்லை. கடைசி வரை சிக்கல் கூடிக்கொண்டே போகும். 1997இல் டீப் ப்ளூ காஸ்பரோவை வீழ்த்திய பிறகும், ஷோகிக்காரர்கள் கொஞ்ச காலம் நிம்மதியாக இருந்ததற்கு இதுவே காரணம்.

அந்த ஆட்டத்தில் 'யார் பெரியவர்' என்பதை எப்படி முடிவு செய்வது என்ற கேள்வி கம்ப்யூட்டருக்கு வெகு காலம் முந்தியது. ஷோகியின் உச்சப் பட்டம் 'மெய்ஜின்'. 1612இல் தொக்குகாவா ஷோகன் ஆட்சி ஓஹாஷி சோகெய் என்பவருக்கு மானியம் கொடுத்தது. அவரையே முதல் மெய்ஜினாகக் கணக்கிடுகிறார்கள். அதன்பின் ஓஹாஷி மூத்த கிளை, ஓஹாஷி இளைய கிளை, இதோ குடும்பம் என்று மூன்று வீடுகளுக்குள்ளேயே பட்டம் சுற்றி வந்தது. ஒருவர் மெய்ஜின் ஆனால் சாகும் வரை மெய்ஜின். நம் ஊர் சங்கீத வித்வான்களின் ஆஸ்தானப் பதவி போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஷோகன் ஆட்சி போனபின் அந்த வீடுகளும் நொடித்துப் போயின. ஆனால் ஆயுள் பட்டம் என்ற வழக்கம் மட்டும் நின்றது. 12ஆம் மெய்ஜின் ஓனோ கோஹெய் 1898இல் பட்டம் ஏற்று, 1921இல் சாகும்வரை வைத்திருந்தார். அடுத்தவர் செகினே கின்ஜிரோ. ஆட்டத்தில் உச்சத்தில் இருந்த ஆண்டுகளையெல்லாம் காத்திருப்பிலேயே கழித்து, 53 வயதில்தான் அவருக்குப் பட்டம் கிடைத்தது. அந்த வயதில் இளைஞர்கள் அவரை ஜெயிக்கத் தொடங்கிவிட்டார்கள்.

1935இல் செகினே ஒரு காரியம் செய்தார். உயிரோடு இருக்கும்போதே பட்டத்தைத் துறக்கிறேன், இனி போட்டியில் ஜெயிப்பவரே மெய்ஜின் என்று அறிவித்தார். முந்நூறு ஆண்டு வழக்கத்தை அதன் கடைசி வாரிசே கையெழுத்துப் போட்டு முடித்துவைத்த சம்பவம் இது. இரண்டு ஆண்டுகளுக்கு மேல் நீண்ட அந்தத் தேர்வுப் போட்டி 1937 இறுதியில் முடிந்தது. ஜெயித்தவர் கிமுரா யோஷியோ, செகினேயின் சீடர்தான்.

அந்தப் போட்டிக்கு வெளியே நின்ற ஒருவரையும் சொல்ல வேண்டும். ஒசாகா பக்கத்து சகாய் நகரைச் சேர்ந்த சகாதா சங்கிச்சி. ஏழை வீட்டுப் பிள்ளை, எழுதப் படிக்கத் தெரியாதவர், ஆட்டத்தில் சூரர். 1925இல் ஒசாகா ஆதரவாளர்கள் அவரையே மெய்ஜின் என்று தூக்கிப் பிடிக்க, தோக்கியோ சங்கம் அவரை ஒதுக்கிவைத்தது. 1937 பிப்ரவரியில், 66 வயதில், கியோத்தோவின் நான்சென்-ஜி கோயிலில் கிமுராவோடு ஆட அவருக்கு வாய்ப்பு வந்தது. ஏழு நாள் நடந்த ஆட்டம். தன் முதல் நகர்த்தலாகவே ஓரத்துச் சிப்பாயை நகர்த்தினார். யாரும் அப்படித் தொடங்குவதில்லை. ஒரு நகர்த்தலை எதிரிக்குத் தானம் செய்வது போன்றது அது. தோற்றார். ஆனாலும் அந்த ஓரச் சிப்பாயை ஜப்பானில் இன்றும் பேசுகிறார்கள். பிற்பாடு அவரும் வரிசையில் நின்று மெய்ஜின் தேர்வுப் போட்டியில் ஆடினார், கிழ வயதில்.

ஆக, 'வீட்டில் பிறந்தவர்' போய், 'பெரியவர்கள் ஒப்புக்கொண்டவர்' போய், 'ஜெயித்தவர்' என்ற இடத்துக்கு ஷோகி 1937இலேயே வந்துவிட்டது. இதை மனதில் வைத்துக்கொண்டு எழுபது ஆண்டு தாண்டி வாருங்கள்.

2005. கம்ப்யூட்டர் புரோகிராம்கள் தொழில்முறை வீரர்களுக்குச் சற்றே வியர்க்க வைக்கத் தொடங்கிய சமயம். அந்த அக்டோபரில் ஜப்பான் ஷோகி சங்கம் ஓர் உத்தரவு போட்டது: அனுமதி இல்லாமல் எந்தத் தொழில்முறை வீரரும் பொதுமேடையில் கம்ப்யூட்டரோடு ஆடக்கூடாது. சங்கத் தலைவர் யோநெநாகா குனியோ. இவர் சாதாரண ஆள் இல்லை. ஆறு முறை மெய்ஜின் பட்டத்துக்கு முட்டி மோதித் தோற்று, ஏழாவது முறை, 1993இல் 49 வயதில் அதைப் பிடித்தவர். பிடிவாதக்காரர், வியாபாரம் தெரிந்தவர். தோல்வி வரத்தான் போகிறது, வரும்போது அது சும்மா வரக்கூடாது, சங்கத்துக்குக் காசாக வரவேண்டும் என்று அவர் கணக்குப் போட்டிருப்பார் என்பது என் ஊகம். அதில் தவறு எதையும் நான் காணவில்லை.

2007 மார்ச்சில் அனுமதி பெற்ற முதல் பெரிய ஆட்டம். ரியூ-ஓ பட்டம் வைத்திருந்த வதனாபே அகிரா, பொனான்சா என்ற புரோகிராமை ஜெயித்தார். பொனான்சாவை எழுதிய ஹோக்கி குனிஹிதோ ஒரு வேதியியல் ஆராய்ச்சியாளர். ஷோகியில் அவர் பெரிய ஆட்டக்காரர் அல்லர். வல்லவர்கள் ஆடிய பழைய ஆட்டங்களை ஆயிரக்கணக்கில் ஊட்டி, எது நல்ல நிலை என்று புரோகிராமே கற்றுக்கொள்ளும்படி செய்திருந்தார். பிறகு அதன் மூல நிரலை எல்லோரும் பார்க்கும்படி வெளியிட்டும் விட்டார். அதன்பின் ஜப்பானில் கம்ப்யூட்டர் ஷோகி காட்டுத்தீயாகப் பரவியது.

2010இல் ஜப்பான் தகவல் செயலாக்கக் கழகம், முறைப்படி ஒரு சவால் கடிதம் எழுதிச் சங்கத்திடம் கொடுத்தது. சங்கம் அனுப்பியவர் ஷிமிசு இச்சியோ, பெண்கள் பிரிவில் நெடுங்காலம் முன்னணியில் இருந்தவர். எதிரே அமர்ந்தது 'அகாரா 2010'. அது ஒரு எந்திரம் அல்ல, நான்கு புரோகிராம்களின் கூட்டணி. ஒவ்வொரு நகர்த்தலுக்கும் நான்கும் ஓட்டுப் போட்டு, பெரும்பான்மை சொன்னதை ஆடும். அக்டோபர் 11 அன்று ஷிமிசு தோற்றார். ஏன் முதலில் அவர் என்ற கேள்வி அப்போதே எனக்கு எழுந்தது. சதுரங்கத்தில் பெரிய எந்திரம் நேராக உலகச் சாம்பியன் முன்னால்தான் உட்கார்ந்தது. இங்கே சங்கம் கோட்டையின் வெளிச்சுற்றிலிருந்து ஒவ்வொருவராக நிறுத்திப் பார்க்கிறதோ என்று தோன்றியது.

அடுத்தது யோநெநாகாவே. 2012 ஜனவரியில் தானே பலகையில் உட்கார்ந்தார். 68 வயது, போட்டி ஆட்டங்களிலிருந்து ஓய்வு பெற்று எட்டு ஆண்டுக்கு மேல் ஆகியிருந்தது. எதிரி பொங்குராஸ், 2011ஆம் ஆண்டின் கம்ப்யூட்டர் ஷோகி சாம்பியன். யோநெநாகா முதல் நகர்த்தலிலேயே ராஜாவை நகர்த்தினார். படித்த ஆட்டத்திலிருந்து எந்திரத்தை வெளியே இழுப்பது நோக்கம். நெடுநேரம் நல்ல நிலையில் இருந்தார். ஓர் இடத்தில் கோட்டை உடைந்தது, தோற்றார். 'டென்ஓ-சென்', அதாவது மின்னரசன் போட்டி, இப்படித்தான் தொடங்கியது. அடுத்த முறை ஐந்து பேர் கொண்ட அணி ஆடும் என்பது முடிவாயிற்று. அந்த அணி ஆடுவதைப் பார்க்க யோநெநாகா இல்லை. 2012 டிசம்பர் 18 அன்று காலமானார்.

இப்போது அணிகளைப் பாருங்கள்.

எந்திரத் தரப்பில் எந்தக் குழப்பமும் இல்லை. உலகக் கம்ப்யூட்டர் ஷோகி சாம்பியன்ஷிப் என்று 1990 முதல் ஒரு போட்டி நடக்கிறது. மாணவர், பொறியாளர், பொழுதுபோக்குக்காரர் என்று யார் வேண்டுமானாலும் தாங்கள் எழுதிய புரோகிராமோடு வரலாம். 2012 மே மாதப் போட்டியில் முதல் ஐந்து இடம் பெற்றவை: ஜிபிஎஸ் ஷோகி, புயெல்லா ஆல்ஃபா (பொங்குராஸின் புதுப் பெயர்), த்சுத்சுகானா, பொனான்சா பெயரை ஒட்டிய 'பொனான்ஸா' என்ற வேறொன்று, ஷுசோ. (குழப்பம் வராமல் இருக்க, இனி நான் பொனான்ஸா என்று சொல்வதெல்லாம் இந்தப் புதியதைத்தான்.) அந்த ஐந்தும்தான் அணி. ஐந்தாமது முதலில் ஆடும், முதலாமது கடைசியில் வரும். பேச்சு முடிந்தது.

மனிதத் தரப்பில் சங்கம் ஆட்களை அமைத்தது. 18 வயது அபே கோரு. 30 வயது சாத்தோ ஷின்இச்சி. 25 வயது ஃபுனாயே கோஹெய். 48 வயது த்சுகாதா யசுஆகி, 1980களில் ஒரு பட்டம் வைத்திருந்தவர். தலைவராக 39 வயது மியூரா ஹிரோயுகி. 1996இல் ஹாபு யோஷிஹாரு ஏழு பட்டங்களையும் ஒருசேர வைத்திருந்தபோது, அதில் ஒன்றைப் பறித்து அந்த அதிசயத்தை முடித்துவைத்தவர் மியூரா. எல்லோரும் மரியாதைக்குரிய வீரர்கள், சந்தேகமில்லை. ஆனால் ஜப்பானின் முதல் ஐந்து பேரா? இல்லை. ஹாபு இல்லை, வதனாபே இல்லை, அப்போதைய மெய்ஜின் மொரிஉச்சி இல்லை. பட்டப் போட்டிகளுக்குப் பணம் கொடுப்பவை பெரும்பாலும் நாளிதழ்கள். கோடிக்கணக்கில் பணம் கொடுத்து ஒரு பட்டத்தை வளர்க்கிற நாளிதழ், அந்தப் பட்டக்காரர் வேறொருவர் மேடையில் ஒரு பெட்டியிடம் தோற்பதை விரும்புமா? சங்கத்தின் தயக்கம் எனக்குப் புரிகிறது. புரிந்தாலும், எதிரி தன் முதல் ஐந்தை அனுப்பும்போது நாம் அப்படிச் செய்யாதது கொஞ்சம் உறுத்தத்தான் செய்கிறது.

2013 மார்ச் 23. அபே கோரு, ஷுசோவை வென்றார். ஷுசோவை எழுதியவர் தன் புரோகிராமை முன்கூட்டியே அவரிடம் கொடுத்துப் பழக விட்டிருந்தார். பையன் அதன் போக்கைக் கரைத்துக் குடித்துவிட்டு வந்தான். மார்ச் 30. சாத்தோ பொனான்ஸாவிடம் தோற்றார். சமநிலையில் தொடங்கிய பொது ஆட்டத்தில், களத்தில் இருக்கும் ஓர் ஆண் தொழில்முறை வீரர் எந்திரத்திடம் தோற்றது அதுவே முதல்முறை. ஏப்ரல் 6. ஃபுனாயே நீண்ட ஆட்டத்தில் களைத்துத் தோற்றார்.

ஏப்ரல் 13 ஆட்டத்தைப் பற்றி மட்டும் கொஞ்சம் நின்று சொல்கிறேன். த்சுகாதாவின் நிலை கிட்டத்தட்ட முடிந்துவிட்டது. ஷோகியில் தப்பிக்க ஒரு வினோத வழி உண்டு. ராஜாவை எதிரியின் பாளையத்துக்குள் ஓட்டிச் சென்று உட்கார வைத்துவிட்டால் அவரைப் பிடிப்பது கடினம். இரு ராஜாக்களும் அப்படிப் போய்விட்டால் காய்களை எண்ணுவார்கள். பெரிய காய் இரண்டு வகைக்கு ஐந்து புள்ளி, மற்றதற்கு ஒன்று. இருவருக்கும் 24 இருந்தால் சமன். த்சுகாதாவுக்குப் புள்ளி வெகுவாகக் குறைந்தது. வேறொரு தொழில்முறை வீரர் எதிரே இருந்தால் அவர் எப்போதோ எழுந்து தலை வணங்கித் தோல்வியை ஒப்புக்கொண்டிருப்பார், அதுதான் நாகரிகம். ஆனால் எந்திரத்துக்கு இந்த எண்ணிக்கைக் கட்டம் சரியாக வராது என்பது தெரிந்தது. மனிதர் பிச்சை எடுப்பது போல ஒவ்வொரு சிப்பாயாகப் பொறுக்கினார். எந்திரம் அர்த்தமில்லாத நகர்த்தல்களைச் செய்துகொண்டிருந்தது. 230ஆவது நகர்த்தலில் சமன். பேட்டியில் த்சுகாதா அழுதுவிட்டார். அணி என்ற ஒன்று இருந்ததால்தான் அந்த மனிதர் அன்று எழுந்து போகவில்லை என்று நான் நினைக்கிறேன். தனக்காக மட்டும் ஆடியிருந்தால் கௌரவமாகத் தோற்றிருப்பார்.

ஏப்ரல் 20. அணித்தலைவர் மியூராவுக்கு எதிரே ஜிபிஎஸ் ஷோகி, தோக்கியோ பல்கலைக்கழகத்தின் 600க்கும் மேற்பட்ட கம்ப்யூட்டர்களை இணைத்து யோசித்தது. மியூரா தோற்றார். எங்கே தவறினோம் என்று அவராலேயே சுட்டிக்காட்ட முடியாத தோல்வி. கணக்கு: மனிதர் 1, எந்திரம் 3, சமன் 1.

2014ஆம் ஆண்டுப் போட்டிக்காக எந்திரங்களுக்கென்றே தனித் தேர்வுப் போட்டி நடந்தது. எல்லாப் புரோகிராமுக்கும் ஒரே வகைக் கம்ப்யூட்டர் என்ற விதியும் வந்தது. ஆட்டத்துக்கு முன்பே மனிதரிடம் கொடுத்துப் பழக விட வேண்டும், கொடுத்தபின் மாற்றக்கூடாது. டென்சோ நிறுவனம் செய்த இயந்திரக் கை ஒன்று காய்களை நகர்த்தியது. மனிதர்களின் அணியை இம்முறையும் சங்கமே அமைத்தது. அபாரமாகப் பழகிவிட்டு வந்த தொயோஷிமா மசயுகி மட்டும் ஜெயித்தார். மற்ற நால்வரும் தோற்றனர்.

2015இல் கடைசி அணிப் போட்டி. இம்முறை இளைஞர்களாகப் பார்த்து எடுத்தார்கள், கம்ப்யூட்டரோடு வளர்ந்த தலைமுறை. முதல் ஆட்டத்தில் சாய்தோ ஷின்தாரோ ஜெயித்தார். இரண்டாவதில் நகாசே தகுயா செய்தது வேடிக்கை. ஷோகியில் காய்கள் எதிரியின் எல்லைக்குள் போனால் பதவி உயர்வு உண்டு. மூலைவாட்டில் போகும் பெரிய காய்க்குப் பதவி உயர்வால் லாபமே தவிர நஷ்டமில்லை; வேண்டாம் என்று யாரும் சொல்லமாட்டார்கள். அதனால் அப்படி ஒரு நகர்த்தல் இருப்பதையே எதிரே இருந்த செலீன் புரோகிராமுக்குச் சொல்லித்தரவில்லை. நகாசே பழகும்போது அதைக் கண்டுபிடித்து வைத்திருந்தார். ஜெயிக்கும் நிலையில் இருந்தபோது பதவி உயர்வு வேண்டாம் என்று வைத்து ராஜாவுக்கு முற்றுகை கொடுத்தார். எந்திரத்துக்கு முற்றுகையே தெரியவில்லை, வேறெதையோ நகர்த்தியது. விதிமீறல், தோல்வி. அடுத்த இரண்டு ஆட்டம் எந்திரத்துக்கு. 2-2.

முடிவைத் தீர்மானிக்கும் ஐந்தாவது ஆட்டம், ஏப்ரல் 11. அகுத்சு சிகாராவுக்கு எதிரே 'அவேக்', எந்திரங்களின் தேர்வுப் போட்டியில் முதலிடம் பெற்றது. அதை எழுதிய கோசே ரியோஇச்சியைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். ஷோகியில் தொழில்முறை வீரராக ஒரே பெரிய வாசல்தான். ஷோரெய்காய் என்ற பயிற்சிப் பள்ளி. அதன் உச்சியில் மூன்றாம் தான் நிலையினருக்கு அரையாண்டுக்கு ஒரு லீக்; அதில் முதல் இருவருக்கே நான்காம் தான், அதாவது தொழில். வருடத்துக்கு நாலு பேர். பொதுவாக 26 வயதுக்குள் ஏறாவிட்டால் வெளியே போக வேண்டும். எத்தனையோ பிள்ளைகளின் படிப்பும் இளமையும் அங்கே கரைந்திருக்கிறது. கோசே அந்தப் பள்ளியில் சேர்ந்து, இடையில் விலகியவர். மனிதர்களின் தேர்வில் உள்ளே வர முடியாதவர், எந்திரங்களின் தேர்வில் முதலாவதாக வந்து அதே தொழில்முறை வீரர்களின் முன்னால் நின்றார்.

அவேக்கிடம் ஓர் ஓட்டை இருந்தது. ஒரு குறிப்பிட்ட இடத்தைத் திறந்து வைத்தால், தன் பெரிய காயை அங்கே இறக்கிப் பொறியில் மாட்டிக்கொள்ளும். அதற்கு முன் ஒரு பொது நிகழ்ச்சியில் அமெச்சூர் ஒருவரே அதை வைத்து ஜெயித்திருந்தார். விதிப்படி புரோகிராமை மாற்றக்கூடாது. அகுத்சு அந்த இடத்தைத் திறந்தார். எந்திரம் காயை இறக்கியது. கோசே அங்கேயே ஆட்டத்தை விட்டுக்கொடுத்தார். மொத்தம் 21 நகர்த்தல். மனிதர் அணி 3-2 என்று முதலும் கடைசியுமாக வென்றது.

அகுத்சு செய்தது சரியா? ஜப்பானில் இரண்டு கட்சியாகப் பிரிந்து பேசினார்கள். ஒரு தொழில்முறை வீரர் அமெச்சூர் கண்டுபிடித்த பொறியை வைத்து ஜெயிப்பதா என்பது கோசேயின் வருத்தம். அணியின் கடைசி ஆள், கணக்கு 2-2, ஜெயிக்கத் தெரிந்த வழி ஒன்று கையில் இருக்கிறது. அதை விட்டுவிட்டு அழகாக ஆடு என்று சொல்ல நாம் யார் என்பது என் கட்சி. அதே சமயம், கோசே எழுந்துபோனதும் எனக்குப் புரிகிறது. 2020இல் 'அவேக்' என்ற பெயரிலேயே ஒரு சினிமா வந்தது.

அணிப் போட்டி அதோடு முடிந்தது. அடுத்து என்ன செய்தார்கள் என்பதில்தான் செகினேயின் 1935 திரும்பி வருகிறது. எந்திரத்தோடு மோதும் ஒருவரைத் தேர்ந்தெடுக்க, தொழில்முறை வீரர்களுக்கென்றே 2015இல் புதுப் போட்டி தொடங்கினார்கள். பெயர் 'எய்ஓ-சென்'. சங்கம் ஆள் பார்த்து அனுப்புவது போய், இறங்கி ஜெயிப்பவர் போகலாம் என்றாயிற்று. முதல் ஆண்டு ஜெயித்தவர் யமசாகி தகாயுகி. 2016இல் பொனான்ஸா அவரை 2-0 என்று வென்றது, ஹிராயிசுமியின் சூசோன்-ஜி கோயிலில் ஒன்று, ஹியெய் மலையின் என்ரியாகு-ஜியில் ஒன்று.

இரண்டாம் ஆண்டு ஹாபுவே போட்டியில் இறங்கினார். ஹாபுவும் எந்திரமும் கடைசியில் மோதப்போகிறார்கள் என்று நாடே எதிர்பார்த்தது. தேர்வுக் குழு இருந்திருந்தால் அவரைத்தான் அனுப்பியிருக்கும். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் போட்டி என்றால் போட்டி. அரையிறுதியில் ஹாபு தோற்றார். வென்றவர் சாத்தோ அமாஹிகோ. அந்த 2016இல்தான் ஹாபுவிடமிருந்து மெய்ஜின் பட்டத்தையும் எடுத்திருந்தார். இறுதியிலும் அவரே ஜெயித்தார். ஆக, முதன்முறையாக மனிதர் தரப்பில் மெய்ஜினே வந்தார், யாரும் கேட்டுக்கொண்டதால் அல்ல, ஜெயித்ததால்.

அந்த 2016 இலையுதிர் காலத்தில் இன்னொன்றும் நடந்தது. ரியூ-ஓ பட்டத்துக்குச் சவால் விடும் உரிமையைப் போட்டியில் ஜெயித்து வென்றிருந்தவர் மியூரா, நம் 2013 அணித்தலைவர். ஆட்டத்தின் நடுவே கைப்பேசியில் புரோகிராமைப் பார்க்கிறாரோ என்ற சந்தேகத்தின் பேரில், அக்டோபரில் சங்கம் அவரைத் தடை செய்து, அவர் இடத்தில் வேறொருவரை உட்கார வைத்தது. டிசம்பரில் வெளியார் குழு விசாரித்துச் சொன்னது: அவர் ஏமாற்றினார் என்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை. சங்கத் தலைவர் தனிகாவா கோஜி ஜனவரியில் பதவி விலகினார். ஆனால் பட்டப் போட்டி முடிந்துபோயிருந்தது. மியூரா வென்றெடுத்த இடத்தை யாராலும் திருப்பித் தர முடியவில்லை. எந்திரத்திடம் மனிதர் சார்பாகத் தோற்றவர் மீதே எந்திரத்தின் துணையை நாடினார் என்ற பழி விழுந்தது, எனக்கு ஆறாத விஷயம்.

2017 ஏப்ரல் 1, நிக்கோ தோஷோகு ஆலயம். தொக்குகாவா இயேயாசு உறங்கும் இடம். முதல் மெய்ஜினுக்கு மானியம் போன காலத்தில் அதிகாரம் அவர் கையில்தான் இருந்தது. பொனான்ஸா முதல் நகர்த்தலாக ஒரு தங்கத் தளபதியை நகர்த்தியது. சகாதாவின் ஓரச் சிப்பாய் போல, யோநெநாகாவின் ராஜா போல, யாரும் தொடங்காத தொடக்கம். இம்முறை அப்படித் தொடங்கிய பக்கம் ஜெயித்தது. 71 நகர்த்தலில் மெய்ஜின் தோற்றார். மே 20 அன்று ஹிமேஜி கோட்டையில் இரண்டாவது ஆட்டத்திலும் தோற்றார். இந்த இரண்டுக்கும் நடுவில் சாத்தோ தன் மெய்ஜின் பட்டத்துக்கான தொடரையும் ஆடிக்கொண்டிருந்தார், அதைக் காப்பாற்றிக்கொண்டார். எதிரி இனாபா யோ, 2015 அணியில் எந்திரத்திடம் தோற்ற இருவரில் ஒருவர்.

இன்னொரு வேடிக்கை. அந்த இரண்டு ஆட்டங்களுக்கு நடுவே, மே முதல் வாரத்தில், வழக்கமான உலகக் கம்ப்யூட்டர் ஷோகி சாம்பியன்ஷிப் நடந்தது. பொனான்ஸாவின் இன்னும் புதிய வடிவம் அதில் ஆடி, எல்மோ என்ற புரோகிராமிடம் பட்டத்தைப் பறிகொடுத்தது. ஆகவே ஹிமேஜியில் மெய்ஜினைத் தோற்கடித்தபோது அது எந்திரங்களில்கூட முதலாவது அல்ல. தேர்வுப் போட்டியில் ஜெயித்து ஏழு மாதம் ஆகியிருந்தது. எந்திர உலகில் ஏழு மாதம் என்பது செகினே காத்திருந்த காலம் போல.

மின்னரசன் போட்டி அதோடு நிறுத்தப்பட்டது. ஆனால் அதற்கு ஆள் தேர்ந்தெடுக்கத் தொடங்கிய எய்ஓ-சென் நிற்கவில்லை. அடுத்த சுற்றிலிருந்து அதையே ஷோகியின் எட்டாவது பெரிய பட்டமாக உயர்த்திவிட்டார்கள். இப்போது அதை நடத்தப் பணம் கொடுப்பது ஃபுஜியா என்ற மிட்டாய், கேக் நிறுவனம். 2023 அக்டோபரில் ஃபுஜி சோத்தா என்ற 21 வயது இளைஞர் எட்டுப் பட்டங்களையும் ஒருசேரப் பிடித்தார். கம்ப்யூட்டரோடு பழகி வளர்ந்தவர். எந்திரத்தோடு மேடையில் மோத அவரை யாரும் அனுப்பவில்லை. 2024 ஜூனில் அந்த எட்டில் முதலாவதாக அவர் இழந்தது எய்ஓ பட்டம். பறித்தவர் இதோ தகுமி, அவர் வயதுதான்.